நீரேறும் நகரும் அதனை எழுதிய நூல்களும்

வெள்ளம் ஏறும் பருவத்தில் வெனிஸ் நகருக்குப் போகலாமா, போகலாகாதா? இக்கேள்வியை ஓர் இலக்கியக் கட்டுரையின் தலைவாயிலில் நிறுத்துவது அன்பர் சிலருக்கு வியப்பாயிருக்கும். பிரட்டுக் களத்திலும் செக்ரோல் புத்தகத்திலும் பொழுது போக்கும் நமக்கு இத்தாலி தேசத்து நீர்நகரைப் பற்றிய கவலை எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்கட்கு நாம் கூறும் விடை எளிது. நம்மவர் இப்பொழுது தூரதேசப் பிரயாணம் போகிறார்கள். பிள்ளைகள் படித்து உத்தியோகத்தில் அமர்ந்தபின் பெற்றோரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைப்பதும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு நண்பர் நால்வர் கூடிப் புறப்படுவதும் இன்று அதிசயமல்ல. போகுமுன் நூல்களைப் புரட்டுகிறார்கள். திரும்பி வந்தபின் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறார்கள். படித்த நூல் வழிகாட்டத் தவறினால் பிரயாணமும் பழுதாகும். அதிலிருந்து பிறக்கும் கட்டுரையும் பழுதாகும். ஆதலின் இஃது இலக்கிய விசாரணைக்கு உரிய பொருளே என்க.

பக்கத்துத் தோட்டத்துக் கிராணியார் ஒருவர் நம் நண்பர். ஐந்து ஆண்டுகளாக மிச்சம் பிடித்த பணம் அவர் கையில் இருக்கிறது. துணைவியாருடன் வெனிஸ் நகரைக் காணவேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியர் படித்த நாள்முதல் அவருக்குள்ள ஆசை. விடுப்பு நவம்பரில்தான் கிடைக்கும்; கப்பல் காலம் போய் விமானக் காலம் வந்தும் சீட்டு மலிவாக இருப்பது அம்மாதத்தில்தான்; அம்மாதமோ அந்நகரில் கடல் ஏறும் மாதம். “பணத்தைத் தண்ணீரில் போட்டதாகிவிடுமோ, அண்ணே?” என்று அவர் நம்மிடம் கேட்டார். அவருடைய துணைவியார் கேட்டதோ வேறொரு கேள்வி. “நம் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது வந்து படம் பிடித்தவர்களை என்ன சொல்லித் திட்டினோம்? இப்பொழுது நாமே அதைச் செய்யப் போகிறோமா, அண்ணே?” என்றார். 2021 டிசம்பரில் ஷா ஆலம் நகரின் தாமான் ஸ்ரீ மூடாவில் அவருடைய தமையனார் வீடு நீரில் மூழ்கியது. அவ்வெள்ளத்தில் நாடெங்கும் 50 பேருக்கு மேல் மாண்டனர் என்பதை நேயர்கள் மறந்திரார். முதற் கேள்வி கைப்பணத்தைப் பற்றியது. இரண்டாவது மானத்தைப் பற்றியது. இவ்விரண்டிற்கும் வெனிஸ் நகரை எழுதிய பேராசிரியர்கள் என்ன விடை தருகிறார்கள் என்று ஆராய்வதே நம் நோக்கம்.

நீர் ஏறும் விதம்

நூல்களை எடைபோடுமுன் தராசு சரியாயிருக்க வேண்டும். ஆகவே உண்மை நிலையை முதலில் அறிவோம். வெனிஸ் நகரம் அட்ரியாட்டிக் கடலின் வடகோடியில், ஆழமற்ற உப்பங்கழி ஒன்றின் நடுவே, சிறு தீவுகளின்மேல் கட்டப்பெற்றது. லிடோ, மலமோக்கோ, கியோஜ்ஜா என்னும் மூன்று வாயில்களின் வழியாகக் கடல் உட்புகுந்து வெளியேறுகிறது. இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் வரையில் சில நாட்களில் சந்திரனால் எழும் ஓதத்தோடு, தெற்கிலிருந்து வீசும் சிரோக்கோக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. நீண்டு ஒடுங்கிய அக்கடலின் நீரை அக்காற்று வடக்கே தள்ளுகிறது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். இம்மூன்றும் ஒரே வேளையில் கூடினால் நகரத்துக்குள் நீர் ஏறுகிறது. அந்நாட்டார் இதனை ‘அக்குவா ஆல்ட்டா’, அதாவது உயர்ந்த நீர் என்கிறார்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஓதம் இறங்க, நீரும் இறங்கிவிடும். இது தெய்வ கோபமுமன்று, வேடிக்கையுமன்று. கணக்கிட்டு முன்கூட்டிச் சொல்லக்கூடிய இயற்கை நிகழ்ச்சி.

நீரின் உயரத்தை 1897-ஆம் ஆண்டின் சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியாக வைத்து அளக்கிறார்கள். 80 செ.மீ. அளவில் தாழ்வான சான் மார்க்கோச் சதுக்கம் நனையத் தொடங்கும். 110-ல் நகரின் எட்டில் ஒரு பங்கு நீர் காணும். 140-ஐத் தாண்டினால் நகரில் பாதிக்கு மேல் நீர்தான். 1966 நவம்பர் 4-ல் 194 செ.மீ. ஏறியது, அதற்கு மேல் ஏறியதாகப் பதிவில்லை. 2019 நவம்பர் 12-ல் 187 செ.மீ. ஏறிற்று. அன்று பெல்லெஸ்திரினாத் தீவில் வீட்டிலிருந்து நீர் இறைக்க முயன்ற முதியவர் ஒருவர் மின்சாரம் தாக்கி உயிர் நீத்தார்.

2003-ல் தொடங்கிய ‘மோசே’ என்னும் கடல்வாயிற் கதவு வேலை, நெடுங்காலம் இழுபட்டு, 2014-ல் லஞ்ச ஊழல் வெளிப்பட்டு நகர மேயரே கைதாகும் அவமானத்தையும் கண்டு, 2020 அக்டோபர் 3-ல் முதன்முறையாக நகரைக் காத்தது. மூன்று வாயில்களிலும் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. காற்றைச் செலுத்தினால் எழுந்து நின்று கடலைத் தடுக்கின்றன. 2022 நவம்பர் 22-ல் வெளிக்கடல் 170 செ.மீ.க்கு மேல் உயர்ந்தும் நகரம் தப்பியது. ஆயினும் கதவு மனிதன் கையிலுள்ளது. மனிதன் கணக்கும் தவறும். 2020 டிசம்பர் 8-ல் ஓதம் குறைவாகவே இருக்கும் என்று மதிப்பிட்டுக் கதவைத் தூக்காது விட்டனர். நீர் 138 செ.மீ. ஏறிற்று.

ரஸ்கின் அளந்த ஓர் அடி

ஆங்கிலத்தில் வெனிஸ் என்றவுடன் நினைவுக்கு வரும் பெருநூல் ஜான் ரஸ்கின் எழுதிய ‘வெனிஸ் நகரின் கற்கள்’. மூன்று பாகங்களாக 1851 முதல் 1853 வரை வெளிவந்தது. காந்தியடிகளின் மனத்தை மாற்றிய வேறொரு நூலின் ஆசிரியர் என்றே நம்மவர் பெரும்பாலும் ரஸ்கினை அறிவர். அவர் 1849-ஆம் ஆண்டின் இறுதியில், குளிர்காலத்தில், அந்நகரில் வந்து தங்கி, ஏணியில் ஏறியும் தரையில் மண்டியிட்டும் தூண்களையும் வளைவுகளையும் அங்குலம் அங்குலமாக அளந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் செய்யும் வேலையன்று அது.

அந்நூலின் இரண்டாம் பாகத்தில் ஓதத்தைப் பற்றி அவர் கூறும் கருத்து நம் விசாரணைக்கு மிகவும் உரியது. ஓதமே இல்லாதிருந்தால் கால்வாய்கள் நாற்றமெடுத்து நகரம் நோய்க்கிடமாகியிருக்கும். ஓதம் ஓர் அடியோ ஒன்றரை அடியோ கூடுதலாக ஏறியிருந்தால் மாளிகைகளின் நீர்வாயில்களே பயன்படாது போயிருக்கும். அளவறிந்து அமைந்த நீரினாலேயே அந்நகர் உண்டாயிற்று என்பது அவர் வாதம். இப்பொழுது நேயர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 1897-க்குப் பின் அந்நகரில் நிலம் தாழ்ந்ததும் கடல் உயர்ந்ததும் சேர்ந்து நீர்மட்டம் சுமார் 30 செ.மீ. ஏறியிருக்கிறது. மார்கேராத் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தது நிலம் தாழ்ந்ததற்கு ஒரு காரணம். 30 செ.மீ. என்பது ஓர் அடி. ரஸ்கின் வாதத்துக்காகக் கற்பனை செய்த அடி இன்று உண்மையிலேயே ஏறி நிற்கிறது! அவர் காலத்தில் அலங்காரமாகப் படிக்கப்பட்ட வாக்கியம் நம் காலத்தில் எச்சரிக்கையாகிவிட்டது. அளந்து எழுதுபவன் எழுத்து, அவன் எண்ணாத பயனையும் பின்னாளில் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அந்நூலில் ஒரு குறை உண்டு. ரஸ்கின் வந்தபோது அந்நகர் எந்நிலையில் இருந்தது? அவ்வாண்டு ஆகஸ்டில்தான் ஆஸ்திரியப் படையின் முற்றுகைக்கும் பசிக்கும் காலராவுக்கும் ஆற்றாது வெனிஸ் சரணடைந்தது. தெருவிலே பசித்த மனிதர்; தூணிலே பழைய சிற்பம். ரஸ்கினின் கண் தூணையே பற்றி நின்றது. தொழிலாளியை வெறுங் கருவியாக்குவது கொடுமை என்று அதே இரண்டாம் பாகத்தில் நெஞ்சுருக எழுதியவர், அன்று வாயிற்படியில் நின்ற தொழிலாளிக்கு அந்நூலில் சிறிதளவே இடம் தந்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த கல்தச்சனுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. உயிரோடிருக்கும் கல்தச்சனுக்கு வழிவிட்டு நிற்பதுதான் அரிது.

மானின் கதையில் ஒரு கிராணி

ஜெர்மன் ஆசிரியர் தோமஸ் மான் 1912-ல் வெளியிட்ட ‘வெனிஸில் மரணம்’ என்னும் குறுநாவலில் வெள்ளம் இல்லை, நோய் உண்டு. புகழ்பெற்ற எழுத்தாளன் ஒருவன் ஓய்வுக்காக வெனிஸ் வருகிறான். நகரில் காலரா பரவுகிறது. விருந்தினர் ஓடிவிட்டால் வியாபாரம் கெடும் என்று அஞ்சி அதிகாரிகளும் விடுதிக்காரர்களும் உண்மையை மறைக்கிறார்கள். மருந்து தெளித்த மணம் தெருவெல்லாம் வீசுகிறது. காரணம் கேட்டால் யாவரும் மழுப்புகிறார்கள். இறுதியில் ஆங்கிலேயப் பிரயாண அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன், முதலில் அதிகாரிகளின் வாக்கையே ஒப்புவித்துவிட்டுப் பின்னர் மனம் கேளாமல் உள்ளதை உள்ளபடி கூறி, இன்றே புறப்படுக என்று சொல்கிறான்.

அவ்விளைஞன் யார்? நம்மைப் போன்ற ஒரு கிராணி! மேசைக்குப் பின்னே சீட்டெழுதி வயிறு வளர்ப்பவன். அரண்மனைகளும் விடுதிகளும் பொய் பேசும் நகரத்தில் ஒரு குமாஸ்தாவின் வாயிலிருந்து உண்மை வருமாறு மான் அமைத்திருக்கிறார். இக்கதையை அழகின் ஆராதனை என்றும் கலைஞனின் வீழ்ச்சி என்றும் விரித்துரைப்போர் பலர். அவர்கள் கூற்றை நாம் மறுக்கவில்லை. எனினும் பிரயாணம் போகும் எளியவர்க்கு இக்கதையின் கரு இந்த இடத்திலேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. ஏனெனில், உண்மையைக் கேட்டறிந்த எழுத்தாளன் அடுத்துச் செய்வது என்ன? தன் மனம் நாடிய சிறுவனின் குடும்பம் அதே விடுதியில் தங்கியிருக்கிறது. அவன் அவர்களை எச்சரிக்கவில்லை. அவர்கள் போய்விட்டால் தன் கண்ணுக்கு விருந்து போய்விடுமே என்று வாய் மூடுகிறான். மறைத்த அதிகாரியைவிட அறிந்தும் பேசாத விருந்தினன் எவ்விதத்தில் உயர்ந்தவன்? பார்ப்பவனும் குற்றத்தில் பங்காளியாகலாம் என்பதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய கதையை நாம் வேறு அறியோம். நண்பரின் துணைவியார் கேட்ட கேள்விக்கு விடையின் ஒரு பாதி இங்கே இருக்கிறது. வேடிக்கை பார்ப்பதன் தீமை கண்ணில் தொடங்கி நாவில் முடிகிறது. கண்டதைச் சொல்லவேண்டியவர்க்குச் சொல்லாது, தன் இன்பத்துக்கு வைத்துக்கொள்வதே அதன் முழு வடிவம்.

குளிர்காலத்து விருந்தினர்

மூன்றாவதாக நாம் எடுத்துக்கொள்வது ஜோசப் பிராட்ஸ்கி 1992-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘நீர்க்குறி’ என்னும் சிறு நூல். லெனின்கிராடில் பிறந்து, 1972-ல் சோவியத் அரசால் நாடு கடத்தப்பெற்று, 1987-ல் நோபெல் பரிசு பெற்ற கவிஞர் அவர். ஏறத்தாழ ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வெனிஸ் சென்று தங்கினார். 1996-ல் இறந்த அவருடைய உடல் அந்நகரின் சான் மிக்கேல் தீவில் அடக்கமாகியிருக்கிறது. கோடைக் கூட்டம் அவருக்கு ஆகாது. பனியும் மூடுபனியும் உறைந்த கடற்பாசியின் மணமுமே அவருக்கு அந்நகர். சொந்த ஊருக்குத் திரும்ப இயலாத ஒருவனுக்கு, சொந்த ஊரைப் போலவே நீராலும் குளிராலும் ஆன இன்னோர் ஊர் அடைக்கலமாயிற்று. அந்த ஏக்கம் பக்கந்தோறும் ஓடுவதால் நூல் சிறிதாயினும் ஆழமுடையது.

கூட்டமில்லாத காலத்தில் போகலாம், மீண்டும் மீண்டும் ஒரே ஊருக்குப் போகலாம், அதனால் ஓர் ஊர் நமக்கு உறவாகும் என்பதை இந்நூல் மெய்ப்பிக்கிறது. ஆனால் நீரையும் காலத்தையும் கண்ணாடியையும் பற்றிய சிந்தனையிலேயே ஆசிரியரின் மனம் ஆழ்ந்துவிடுகிறது. நீர் வடிந்தபின் கடையிலிருந்து உப்புச் சேற்றை வாரிக் கொட்டுகிறவன்மேல் அச்சிந்தனை தங்குவதில்லை. கவிஞரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. அவர் எழுத எண்ணியது வேறு. ஆயினும் நம்மவர் இந்நூலை வாசித்துவிட்டு அதே பாணியில் மூடுபனிக் கட்டுரை எழுதப் புகுந்தால் அது பொறுக்கத்தக்கதன்று. நாடிழந்த கவிஞனுக்கு அடைக்கலமாக வந்த மூடுபனி, பத்துநாள் விடுப்பில் போனவனுக்கு வெறும் அலங்காரமாகவே முடியும்.

தமிழில் வந்த வெனிஸ்

தமிழருக்கு இந்நகரை முதலில் அறிமுகப்படுத்தியது நாடகமே. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வர்த்தகன் நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ என்று தமிழாக்கினார். வெனிஸ் வாணீபுரமாயிற்று. ஓசைக்கு ஓசை பொருந்திய அழகிய பெயர்தான். ஆனால் அப்பெயரில் நீர் இல்லை. மூலத்திலும் நகருக்குள் கடல் ஏறும் செய்தி இல்லை. கடனும் கப்பலும் வழக்கும் தீர்ப்புமே அங்கே வெனிஸ். ஆதலின் அந்நாடகத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுகிறவன் நீதிமன்றத்தைத் தேடிப் போய்ப் பலகைமேல் நடக்க நேரிடும்.

அப்பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் ஏறும் நாட்களில் நகரசபைத் தொழிலாளர் இரும்புக் கால்களின்மேல் மரப்பலகை அடுக்கி நடைமேடை அமைக்கிறார்கள். 120 செ.மீ.க்கு மேற்பட்டால் பலகைகள் மிதக்கத் தொடங்குமாகையால் அவை உதவா. அந்நகரில் ‘அக்குவா ஆல்ட்டா’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகக்கடை இருக்கிறது. அங்கே நூல்களைக் குளியல் தொட்டிகளிலும் ஒரு கொண்டோலாப் படகிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நனைந்து கெட்ட நூல்களைக் கொண்டு ஒரு படிக்கட்டே அமைத்திருக்கிறார்கள். வருகிறவர் அப்படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படியாய்க் கிடக்கும் ஒவ்வொரு புத்தகமும் ஒருவனுடைய முதல் போன கணக்கு என்பதை நினைப்பவர் எத்தனை பேர்? கணக்கெழுதிப் பழகிய நமக்கு அது தோன்றாமற் போகாது.

நம் முடிபு

இனித் தீர்ப்புக்கு வருவோம். பணம் தண்ணீரில் போகுமா? போகாது. உயர்ந்த நீர் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிகிறது. 110 செ.மீ. எதிர்பார்க்கப்பட்டால் கடற்கதவுகள் எழுகின்றன. நகரசபையின் ஓத முன்னறிவிப்பு சில நாட்களுக்கு முன்பே கிடைக்கிறது. 110-க்குக் கீழே கதவுகள் பெரும்பாலும் திறந்திருப்பதால் தாழ்ந்த தெருக்கள் நனையும்; முழங்காலளவு ரப்பர்ச் சப்பாத்து அதற்குப் போதும்.

மானம் போகுமா? இங்கேதான் நூல்கள் பேசாத ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். அந்நகரைக் காலியாக்குவது கடல்நீர் மட்டுமன்று. 1951-ல் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தனர். 2022-ல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கியது. பிழைப்பு அக்கரைக்குப் போனதும், வீடுகள் விருந்தினர் அறைகளாக மாறி வாடகை ஏறியதும் குடிகளை வெளியேற்றின. 2024 ஏப்ரல் 25 முதல், இரவு தங்காது பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கினார்கள். 2024-லும் 2025-லும் அவ்வசூல் நடந்தது ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள குறித்த நாட்களிலேதான். அதன் பொருள் யாது? அந்நகரத்தார் விருந்தினரைப் பாரமென்று கருதுவது நீர் ஏறும் நவம்பரில் அன்று. வெயில் காயும் வசந்தத்திலும் கோடையிலுமே. ஆகவே நவம்பரில் போய், நான்கு இரவு தங்கி, அவ்வூர்க் கடையில் ரொட்டி வாங்கித் தின்று, வாடகையும் கூலியும் கொடுத்து வருகிறவன், நல்ல வெயிலில் வந்து காலையில் இறங்கி மாலையில் ஓடுகிறவனைவிட நல்ல விருந்தினன்.

ஆயினும் இதற்கு ஒரு வரம்புண்டு. சங்கு ஊதி நீர் ஏறும் நேரத்தில் தெருவில் இறங்கிக் கூத்தாடலாகாது. தூக்குகிறவனுக்கு வழிவிட வேண்டும். கதவிடுக்கில் மண்மூட்டை அடைப்பவனைப் படம் பிடிக்கலாகாது. கூப்பிட்டால் கை கொடுக்க வேண்டும். 140-க்கு மேல் ஏறும் என்றும் கதவு எழவில்லை என்றும் செய்தி வந்தால் பிரயாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். அப்பொழுது அவ்வூரார்க்கு விருந்தினரைப் பேண நேரமிராது. நண்பரின் துணைவியாரைப் படம் பிடித்தவர்கள் செய்த பிழை, வந்ததில் இல்லை. வந்து நின்று ஒரு வாளிச் சேற்றைக்கூட அள்ளாது போனதில் இருக்கிறது. இதனை அவர்கள் இருவரிடமும் கூறினோம். சீட்டு எடுத்துவிட்டார்கள்.

நம் எழுத்தாளருக்கு

பிரயாணக் கட்டுரை எழுதும் தமிழன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். ரஸ்கினிடம் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை அடி, எத்தனை மணி, என்ன விலை என்று எழுதுங்கள். மானிடம் உண்மை சொல்லும் கிராணியைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள். ஓர் ஊரின் நிலையை மேசைக்குப் பின்னே இருப்பவனும் பலகை சுமப்பவனும் அறிந்த அளவுக்கு மாளிகைக்காரன் அறிவதில்லை. பிராட்ஸ்கியிடம் திரும்பத் திரும்பப் போகும் அன்பைக் கற்றுக்கொள்ளுங்கள். அம்மூவரும் விட்ட இடம் ஒன்று காலியாயிருக்கிறது. அதிகாலை நான்கு மணிக்குப் பலகை சுமந்து வந்தவன் எவ்வளவு கூலி வாங்குகிறான், நீர் வடிந்ததும் எங்கே போய்த் தூங்குகிறான் என்பதை இன்னும் ஒருவர் எழுதவேண்டும். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போகிறவர்களின் வாழ்வை அறிந்த நம்மவர் அதனை எழுதக் கூடாதா?